நிலக்கடலை காறுவது ஏன்?

வறுத்த கடலையும் கடலை மிட்டாயும் காறல் வாடை அடிக்கிறதென்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவது நம் கடைகளுக்குப் புதிதல்ல. பொட்டலத்தையும் கோடை வெயிலையும் குறை சொல்லுகிறோம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு முக்கியக் காரணம் விதையிலேயே இருக்கிறது.

கடலை எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் என்னும் இரு கொழுப்பு அமிலங்களே. லினோலியிக் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறும். ஒலியிக் நெடுநாள் தாங்கும். நாம் வழக்கமாகக் கொள்முதல் செய்யும் கொத்துக் கடலையில் ஒலியிக் ஏறக்குறைய பாதிதான்.

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் தம்மிடமிருந்த கடலை விதைகளைச் சோதித்தபோது, ஒரேயொரு வகையில் ஒலியிக் 80 சதவீதம் அளவுக்கு இருக்கக் கண்டார்கள். எஃப் 435 எனப்படும் அந்த வகையைப் பற்றி 1987-இல் வெளியிட்டார்கள். இயற்கையாகவே நேர்ந்த மாறுதல் அது. அதன் வழிவந்த ரகத்தை நம் நாட்டு ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து, படான்செருவிலுள்ள இக்ரிசாட்டும் ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் உருவாக்கியவையே 2020-இல் அறிமுகமான கிர்நார் 4, கிர்நார் 5. இவற்றிலும் ஒலியிக் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

விற்பனைக்கு உதவாத அந்தப் பழைய விதையை வேண்டாமென்று எறிந்திருந்தால் இவை ஏது? நிலக்கடலைக்கு இந்தக் கவலை அதிகம். தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து பிறந்த பயிர் இது. அதன் பின் காட்டு உறவுகளோடு எளிதில் கலப்பதில்லை. ஆகவே உள்ளுக்குள் வேறுபாடு குறைவு. இக்ரிசாட் 15,000-க்கும் மேற்பட்ட கடலை விதை மாதிரிகளைக் குளிரறையில் காத்து வருவது இதற்காகத்தான்.

இனி நம் பக்கம் வருவோம். ஒலியிக் மிகுந்த பருப்பையும் சாதாரணப் பருப்பையும் கண்ணால் பிரிக்க முடியாது. மண்டியில் கலந்த மூட்டையையே விவசாயி விதைக்கும் எடுத்துப் போகிறார். ஒரு மூட்டை விதைத்தால் எட்டுப் பத்து மூட்டைதான் விளையும் என்பதால், நல்ல ரகம் பரவுவதே மெதுவாகத்தான். இடையில் கலப்பும் சேர்ந்தால் ரகத்தின் பெயர் மட்டுமே மிஞ்சும்.

விதைக்கென்று கேட்டு வருபவருக்கு மண்டிச் சரக்கை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. நீல நிறச் சான்றட்டை கட்டிய விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லி அனுப்பலாம். கிர்நார் என்று சொல்லி வரும் பருப்பை விலை கூட்டி வாங்குமுன் ஆய்வகச் சான்று கேட்போம். வாங்கியபின் தனி மூட்டையாகவே குடோனில் அடுக்குவோம்.