பழைய நோய் மேல் பழி போட்டு, புதிய நோயை விட்டுடாதீங்க!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பலரும் வெறுங்காலில்தான் நடக்கிறோம். சுற்றி முடித்ததும் பாதத்தில் புண் இருக்கிறது, வலி மட்டும் இல்லை என்றால் கவனம் தேவை. மரத்துப்போன பாதத்தின் அடையாளம் அது.

அந்தப் பாதம், முன்பு தொழுநோய் வந்து குணமானவருடையது என்று வைத்துக்கொள்வோம். "பழைய வியாதியோட மிச்சம்தானே" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சில நேரம் சிகிச்சை தருபவரும் அப்படியே நினைத்துவிடலாம். ஆனால் சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தம் எதுவானாலும் கால் மரத்துப்போகும். பரிசோதனை தள்ளிப்போனால் புண் எலும்பு வரை போய், விரலையே எடுக்க வேண்டி வரலாம். வருடக்கணக்கில் ஆறாத புண், அரிதாகப் புற்றுநோயாகவும் மாறும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தில் பழைய நோயை மறைப்பது. தொழுநோய் மருந்து முடிந்த பிறகும் நரம்பு வீக்கம் வரலாம். உடனே சிகிச்சை எடுத்தால் ஊனத்தைத் தடுக்கலாம். பழைய விவரம் தெரிந்தால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும்.

பயப்பட என்ன இருக்கிறது? தொழுநோய் சாபமல்ல, கிருமியால் வருவது. 1873-லேயே ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். குணமானவரிடமிருந்து நோய் பரவாது. குணமடைந்தவர்களுக்கு 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பழைய சிகிச்சைச் சீட்டுகளை போனில் படம் எடுத்து வையுங்கள்.

• டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "முன்பு தொழுநோய் இருந்தது, மருந்து முடித்துவிட்டேன். இந்த மரப்பு இத்தனை நாளாகத்தான் இருக்கிறது."

• "வேறு காரணம் இருக்குமா, சர்க்கரை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

• தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் செல்போன் கேமராவில் பாருங்கள்.

• சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் சொல்லலாம்.

• சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

காசநோய், மனநலச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இருமல் என்றால் 'பழைய டிபி', நெஞ்சுவலி என்றால் 'மனப்பிரச்சினை' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பரிசோதனை சொல்லட்டும்.