நார்கொண்டம் தீவின் இருவாய்ச்சி

தோட்டத்து ஆற்றோரத்தில் நீந்திச் செல்லும் நீர் உடும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாய்மொழியில் அதனைப் பியாவாக் என்பர். பசிபிக் பெருங்கடலில், எக்குவடோர் நாட்டிற்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், கலாபகோஸ் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு வாழும் கடல் இகுவானா என்னும் பெரும்பல்லி, கடலுள் மூழ்கிப் பாறைமேல் வளரும் பாசியைத் தின்று வாழ்கின்றது. உடலில் மிகும் உப்பைத் தும்மி மூக்கின் வழியே வெளியேற்றுகின்றது. பாசி குன்றும் ஆண்டுகளில் அதன் உடல் நீளமே குறைந்துவிடுகின்றது! இத்தகைய பல்லி உலகில் வேறெங்கும் இல்லை.

தனித்தீவுகளின் விந்தையைக் காண அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அந்தமான் கடலில் நார்கொண்டம் என்றொரு சிறு தீவு உண்டு. இந்தியாவைச் சேர்ந்தது. வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தன்னந்தனியே நிற்கும் எரிமலை அது. உயரம் 710 மீட்டர். நம் மாநிலத்து ஆங்சி மலையைவிடத் தாழ்ந்தது. பரப்போ ஏறக்குறைய 1,700 ஏக்கர். ஒரு தோட்டத்தின் அளவே எனலாம்.

அத்தீவில் மட்டுமே வாழ்வதுதான் நார்கொண்டம் இருவாய்ச்சி. நம் நாட்டில் 'எங்காங்' எனப்படும் பறவைகளின் இனத்தைச் சேர்ந்தது. மலேசியக் காடுகளில் பத்து வகை இருவாய்ச்சிகள் உள்ளன. இந்தப் பதினோராவது உறவினரை இங்குக் காண இயலாது. 1873இல் இதனை உலகிற்கு அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் என்று உங்கள் தாத்தாக்கள் அறிந்திருக்கும் அதே ஹியூம்தான்!

ஆண்பறவையின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம். பெண்பறவைக்கு அவை கருநிறம். இரண்டிற்கும் வால் வெண்மையானது. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவிற்கு ஒரு கீற்று மட்டுமே எஞ்சும். உள்ளே அதன் சிறகுகளும் உதிர்ந்துவிடும். அந்நாள்களில் ஆண்பறவை அத்திப்பழங்களைத் திரட்டி வந்து அக்கீற்றின் வழியே ஊட்டுகின்றது. அது வாராவிடில் தாயும் குஞ்சும் பட்டினிதான். ஆதலின் பருத்த முதிய மரங்கள் இல்லாத இடத்தில் இப்பறவைக்கு வீடும் இல்லை, உணவும் இல்லை.

தீவில் காவல் நிலையம் ஒன்று அமைந்தபின், உணவிற்காக ஆடுகள் கொண்டுவரப்பட்டன. நம் லயங்களில் ஆடு வளர்ப்போர் அதன் வாயை நன்கறிவர். கட்டவிழ்ந்த ஆடுகள் பெருகி, மரக்கன்றுகளை மேய்ந்தன. கன்று இன்றேல் நாளை மரம் ஏது? இதனை உணர்ந்து பின்னர் அவ்வாடுகளை அகற்றினர். ஆட்டின்மீது குற்றமில்லை, அங்கு அதற்குக் கோனார் இல்லை.

அடுத்து, அங்கொரு ராடார் நிலையம் அமைக்கும் திட்டம் எழுந்தது. பறவைக்குக் கேடு நேரும் எனக் கருதிய இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு 2012இல் மறுத்தது. 2014இல் வந்த புதிய அரசு இசைவளித்தது. நாட்டின் காவலும் வேண்டும், பறவையும் வேண்டும் என்னும்போது முடிவெடுப்பது எளிதன்று.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, தீவில் ஏறத்தாழ ஆயிரம் இருவாய்ச்சிகள் இருப்பதாகக் கணித்தது. அத்திப்பழத்தை விழுங்கும் அவை, விதைகளைத் தீவெங்கும் தூவிச் செல்கின்றன. அவ்விதைகள் முளைத்து எழும் காட்டில்தான் அவற்றின் பேரக்குஞ்சுகள் பொந்து தேடுகின்றன.