அரசுக்கு ஒன்றரை வட்டி: ஜிஎஸ்டி பாக்கியைத் தீர்க்கும் வழிகள்

காரைக்காலிலிருந்து தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அதே கடல், அதே மீன், அதே பேச்சு. ஆனால் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாறிவிடுகிறது: இந்தப் பக்கம் 34, அந்தப் பக்கம் 33. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் வந்து 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த நிலத்தின் எல்லை, இப்போது பில் புத்தகத்தில்தான் மிச்சம் இருக்கிறது.

இந்த எல்லைதான் காரைக்கால் சிறு வியாபாரியின் வரிப் பாக்கிக்குத் தனிக் குணம் தருகிறது. சரக்கு விற்பவர் 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு செய்யாமல் இருக்கலாம் என்ற சலுகை 2019 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாடு அதை ஏற்றது. புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றுகொண்டது. பச்சை மீனுக்கு வரி இல்லை. எனவே கருக்களாச்சேரி போன்ற மீனவ ஊரில் கூடை தூக்கும் பெண்ணுக்கு இந்தத் தலைவலி கிடையாது. மாட்டுவது அவரைச் சுற்றி இருப்பவர்கள்: ஐஸ், வலை, பெயின்ட், என்ஜின் உதிரி, சிமென்ட் விற்பவர்கள். ஒரு விழுக்காடு கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் கடை வாசலில் விற்பதில் பிரச்சினை இல்லை. நாகூருக்கு வண்டியில் அனுப்பி அங்கே இறக்கினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போன விற்பனை. திட்டத்துக்கே தகுதி போய், முழு வரியும் அபராதமும் பின்தேதியிட்டு வந்து நிற்கும்.

பாக்கி வந்த பிறகு பலரும் முதலில் கேட்பது, “எவ்வளவு?” என்று. அதற்கு முன் கேட்க வேண்டியது, “கையில் என்ன காகிதம் இருக்கிறது?” ஏனென்றால் ஜிஎஸ்டியில் வழிகள் தொகையைப் பொறுத்துத் திறப்பதில்லை, பாக்கி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே திறக்கின்றன.

கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். வலைக்கயிறும் பெயின்டும் விற்கும் கடை. பாக்கி 2 லட்சம் ரூபாய். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதாவது 36,000, மாதத்துக்கு 3,000. ஊர் வழக்கில் சொன்னால் ஒன்றரை வட்டி. தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் பழகிய காதுக்கு இது மலிவாகவே தோன்றும். தப்பில்லை, மலிவுதான். ஆனால் வங்கி நகைக்கடன் பெரும்பாலும் இதைவிட மலிவு. ஆகவே பீரோவில் நகை இருந்தும் அரசுப் பாக்கியை ஓட விடுபவர், தெரிந்தே விலை கூடிய கடனை வைத்துக்கொள்கிறார். தண்டல் வாங்கி வரி கட்டுவது அதைவிட மோசம். ஒன்றரை வட்டியை அடைக்க ஐந்து வட்டி, பத்து வட்டி வாங்கி மாட்டிக்கொள்வதற்குப் பதில் பாக்கி அப்படியே இருப்பதே மேல்.

வட்டி எந்தத் தொகைக்கு என்பதையும் பார்த்துவிட வேண்டும். தாமதமாக ரிட்டன் போட்டால், சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்து ரொக்கமாகக் கட்ட வேண்டிய பகுதிக்கு மட்டுமே வட்டி. மொத்த வரிக்கும் வட்டி கேட்டு நோட்டீஸ் வந்த காலம் உண்டு. 2020 ஜனவரியில் ரெஃபெக்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிறகு சட்டமே 2017 ஜூலை முதல் பொருந்தும்படி திருத்தப்பட்டது. புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான்.

இனி காகிதத்துக்கு வருவோம்.

கையில் எதுவுமே வரவில்லை, ரிட்டன் மட்டும் போடாமல் கிடக்கிறது என்றால் நிலைமை கைமீறவில்லை. ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவருக்குத் தாமதக் கட்டணம் ஒரு ரிட்டனுக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய். தொல்லை வேறு இடத்தில். பணம் முழுதாகக் கட்டாமல், வரி கட்டும் ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-3பி-யை ஜிஎஸ்டி போர்ட்டல் ஏற்காது. பழைய மாதத்தை முடிக்காமல் அடுத்த மாதத்துக்கும் போக முடியாது. பாதிப் பாதியாகக் கட்டலாமே என்றால், ஒவ்வொரு மாதமாக, பழசிலிருந்து முடிப்பது ஒன்றுதான் நடைமுறையில் தவணை.

சட்டத்தில் முறையான தவணை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது: ஆணையருக்கு டிஆர்சி-20 படிவத்தில் விண்ணப்பித்தால் 24 மாதம் வரை கிடைக்கலாம். நமது கடைக்கு மாதம் எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம், அதோடு மீதிக்கு அதே ஒன்றரை வட்டி. ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும். 25,000 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கு இது கிடையாது. ஆனால் பலரை ஏமாற வைப்பது வேறொரு வரி: வியாபாரி தானே ரிட்டனில் காட்டி ஒப்புக்கொண்ட வரிக்குத் தவணை இல்லை. துறை கணக்குப் போட்டு உத்தரவிட்ட தொகைக்குத்தான் உண்டு. நேர்மையாகக் காட்டியவருக்கு இல்லாத வசதி, காட்டாமல் விட்டவருக்கு இருக்கிறது. விநோதம்தான், ஆனால் சட்டம் அப்படி.

விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்றிவிட்டு 3பி-யில் குறைத்துக் காட்டியவர் நிலை இன்னும் இறுக்கம். அந்த விற்பனையும் ஒப்புக்கொண்ட வரியாகவே கொள்ளப்படும். ஏழு நாளில் கட்டு, அல்லது காரணம் சொல் என்று ஓர் அறிவிப்பு. சும்மா இருந்தால் தனி நோட்டீஸ், விசாரணை எதுவும் இல்லாமல் நேராக வசூலுக்கு வரலாம். வசூல் என்றால் வங்கிக் கணக்கு மட்டுமல்ல. அவருக்குப் பணம் தர வேண்டியவர்களுக்கும் கடிதம் போகும். சின்ன ஊரில் படகு முதலாளிக்கும் ஐஸ் பிளான்ட்காரருக்கும் அப்படிக் கடிதம் போன பிறகு பாக்கி யாருக்கும் ரகசியம் இல்லை.

ரிட்டன் போடாததற்குத் துறை தானே மதிப்பிட்டு உத்தரவு அனுப்பியிருந்தால், அதைப் பார்த்துப் பயப்படுவதைவிடத் தேதியைப் பார்ப்பது முக்கியம். 60 நாளுக்குள் சரியான ரிட்டனைப் போட்டு வரியைக் கட்டினால் அந்த உத்தரவு தானாகவே விலகிவிடும். கூடுதல் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. துறையின் மதிப்பீடு பெரும்பாலும் உண்மையான வரியைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால், மேல்முறையீட்டைவிட இதுவே மலிவான வழி.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தால் கணக்கு மாறும். 2024-25 முதலான ஆண்டுகளுக்குப் புதிய பிரிவு 74ஏ. ஏமாற்று இல்லை, வெறும் பிழை என்றால், நோட்டீஸுக்கு முன்போ, வந்த 60 நாளிலோ வரியும் வட்டியும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. உத்தரவு வரை இழுத்தால் நமது கடைக்கு 20,000. மறைத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் 2 லட்சத்துக்கு அபராதம், நோட்டீஸுக்கு முன் 30,000, நோட்டீஸுக்குப் பின் 60 நாளில் 50,000, உத்தரவுக்குப் பின் 60 நாளில் ஒரு லட்சம், அதையும் தாண்டினால் இரண்டு லட்சம். முன்கூட்டிக் கட்ட டிஆர்சி-03 படிவம். ஒரு விதிவிலக்கு உண்டு: வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கெடு முடிந்து 30 நாளுக்குள் கட்டாதவருக்கு இந்தப் பிழைச் சலுகை பொருந்தாது. அது ஊரார் பணம் என்பது சட்டத்தின் பார்வை.

உத்தரவே தவறு என்றால்தான் மேல்முறையீடு. மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மாதம். சர்ச்சைக்குரிய வரியில் 10 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய், முன்கட்டணமாக வைத்தால் மீதிக்கு வசூல் நின்றுவிடும். தோற்றால் அத்தனை மாத வட்டியும் தலையில் ஏறும். கால அவகாசம் வாங்குவதற்காக மட்டும் மேல்முறையீடு போடுவது, ஆடிட்டர் ஃபீஸும் சேர்ந்த ஒன்றரை வட்டிக் கடன். கெடு தாண்டியவர்கள் உயர் நீதிமன்றம் போகிறார்கள். போர்ட்டலில் ஏற்றிய நோட்டீஸைப் பார்க்கவே இல்லை என்று வந்த பல வழக்குகளில், வரியில் 10 அல்லது 25 விழுக்காட்டைக் கட்டச் சொல்லி, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது நீதிமன்றம். மாதத்துக்கு இரண்டு முறை போர்ட்டலைத் திறந்து பார்த்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டன் போடாதவரின் பதிவு ரத்தாகலாம். 2022 ஜனவரியில் சுகுணா கட்பீஸ் சென்டர் உள்ளிட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், வியாபாரத்திலிருந்தே ஒருவரைத் தள்ளிவைப்பதால் அரசுக்கும் லாபமில்லை என்ற போக்கில் பதிவுகளைத் திரும்பக் கொடுத்தது. நிபந்தனை கறார்: பாக்கி முழுவதும் ரொக்கமாக, உள்ளீட்டு வரியிலிருந்து கழிக்கக் கூடாது. பதிவு ரத்துக்கு முன்பே காரைக்கால்காரர் அடி வாங்கிவிடுவார் என்பது வேறு. இரண்டு வரிக் காலம் ரிட்டன் நின்றால், விற்று அனுப்பும் சரக்குக்கு இ-வே பில் எடுக்க முடியாது. கடலைத் தவிர எந்தத் திசையில் வண்டி போனாலும் தமிழ்நாடு. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கென்றால் அந்த இ-வே பில் வேண்டும்.

கடையை மூடிவிட்டு மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ புதுப் பதிவு எடுக்கலாம் என்று டீக்கடையில் ஆலோசனை கிடைக்கும். பதிவை ரத்து செய்தாலும் பழைய பாக்கி போகாது. வியாபாரம் கைமாறினால் வாங்கியவரும் விற்றவரும் சேர்ந்தே பொறுப்பு. ஒரு பெயரில் இருந்த கடனை இரண்டு பெயரில் ஆக்கியதுதான் மிச்சம்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாடு பழைய வணிகவரிப் பாக்கிக்குச் சமாதானத் திட்டம் அறிவித்து, 50,000 ரூபாய்க்குட்பட்ட சிறு பாக்கிகளை முழுதாக விட்டுக்கொடுத்தது. அது 33-ஆம் எண்காரர்களுக்கான சட்டம். நாடு முழுவதற்குமான ஜிஎஸ்டி சலுகை 2017-18 முதல் மூன்று ஆண்டுகளுக்கு வந்தது. 2025 மார்ச் 31-க்குள் வரி முழுவதும் கட்டியவருக்கு வட்டியும் அபராதமும் மட்டும் தள்ளுபடி. தாமதமாக ரிட்டன் போட்டதற்கான வட்டி அதிலும் சேரவில்லை.

காத்திருப்பவருக்கு இன்னொரு பூட்டும் வந்திருக்கிறது. கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு தாண்டிய ரிட்டனை போர்ட்டல் இனி வாங்காது. 2025 ஜூலை வரிக் காலம் முதல் இது நடைமுறை. மாதாமாதம் ரிட்டன் போடுபவரின் 2023 டிசம்பர் ரிட்டனுக்குக் கெடு 2024 ஜனவரி 20. எனவே 2027 ஜனவரி 20 முடிந்ததும் அந்த மாதம் மூடிக்கொள்ளும். கையில் முழுப் பணத்தோடு வந்தாலும் ரிட்டன் போட முடியாது. நமது வலைக்கயிறுக் கடைக்காரர் நகையை அடகு வைப்பதென்றால், முதலில் எந்த மாதத்துக்கு என்பதை அந்தத் தேதி சொல்லிவிடும்.