கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி

திருவனந்தபுரம் நகரின் வடபுறத்தே, தேசிய நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் ஊர் கழக்கூட்டம். ஒருபுறம் 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கின் உயர்ந்த கட்டடங்கள்; மேற்கே சிறிது தொலைவு சென்றால் கடலும் மீனவர் குடியிருப்புகளும். கணிப்பொறியின் முன் அமரும் பெண்ணும் மீன்கூடை சுமக்கும் பெண்ணும் அடுத்தடுத்து வாழும் இத்தகைய ஊர்களில் பணிபுரியும் ஊழியரையும் பள்ளி ஆசிரியையையும் நோக்கி இருதரத்துத் தாய்மாரும் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றேயாகும்: "நோயே இல்லாத என் மகளுக்கு எதற்காக ஊசி?" இவ்வினா நியாயமானது. இதற்கு விடையளிக்க வேண்டுமாயின், நோய் எங்ஙனம் தோன்றுகிறது என்பதை முதலில் நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குழாயில் திறக்கும் இடத்தையே கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கு இருவகை மேலுறை அணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வளையம் போன்ற பகுதி ஒன்றுண்டு. இந்நோய் பெரும்பாலும் அவ்வளையத்திலேயே தொடங்குகிறது. இந்திய நாட்டில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இதனால் மாண்டனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளை வளர்த்து ஆளாக்கும் பருவத்திலேயே தாய்மாரை இந்நோய் பற்றுகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை மெய்ப்பித்தவர் ஹரால்டு ஸுர் ஹவுசன் என்னும் ஜெர்மானிய அறிஞர். மனிதப் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் குடும்பத்தில் 16-ஆம் வகையை 1983-லும், 18-ஆம் வகையை அதற்கடுத்த ஆண்டிலும் அவருடைய குழுவினர் புற்றுக்கட்டிகளில் கண்டறிந்தனர். 2008-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைகளில் தோன்றும் சாதாரண மருக்களுக்கும் இக்குடும்பத்து வைரஸ்களே காரணம். ஆயினும் புற்றை விளைவிப்பவை பத்துப் பன்னிரண்டு வகைகளே. அவற்றுள்ளும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் தோன்றும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணமாகின்றன.

உடலுறவின் வழியே பரவும் இவ்வைரஸ் வாழ்நாளில் ஒருமுறையேனும் பெரும்பாலோரைத் தொற்றுகிறது. ஆகவே இத்தொற்று ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அன்று. கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். இதனை ஊழியர் ஐயத்திற்கு இடமின்றிக் கூற வேண்டும். ஏனெனில் வெட்கமே இந்நோயின் முதல் துணை. தொற்றியவருள் பெரும்பாலோரின் உடல் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே வைரஸை அகற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அங்ஙனம் தங்கும் வைரஸ், இ6, இ7 எனப்படும் இரு புரதங்களை உண்டாக்குகிறது. அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாவண்ணம் நம் உடலில் இயற்கை அமைத்துள்ள இரு காவற்புரதங்களை இவை செயலிழக்கச் செய்கின்றன. கடிவாளம் அறுந்த அணுக்கள் மெல்லமெல்லத் திரிபடைந்து புற்றாக மாறப் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை ஆகலாம். இந்நெடிய இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு.

தடுப்பூசியின் தன்மை

வைரஸின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால், அது தானாகவே கூடி வைரஸைப் போன்ற வெற்றுருண்டையாக அமையும் என்பதை 1991-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயன் ஃபிரேசரும் ஜியான் ஜௌவும் கண்டனர். நெல்மணி இல்லாத உமியைப் போன்றது அது. அதனுள் மரபுப்பொருள் ஏதும் இல்லையாதலால் முளைக்காது, பெருகாது, நோய் தராது. ஆயினும் நம் உடல் அதனைப் பகைவனாகவே கருதி எதிர்ப்பொருளைத் திரட்டி வைத்துக்கொள்கிறது. இம்முறையில் அமைந்த ஊசி 2006-இல் பயனுக்கு வந்தது. இந்தியாவில் சீரம் நிறுவனம் ஆக்கிய செர்வாவாக் என்னும் ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது.

இவ்வூசி வருமுன் காக்குமேயன்றி, வந்துவிட்ட தொற்றை அகற்றாது. எனவேதான் 9 முதல் 14 வயதுக்குள், அதாவது வைரஸைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுமுன்னரே, இதனைச் செலுத்துகின்றனர். தாயின் வினாவிற்கு இதுவே நேரான விடை. ஸ்வீடன் நாட்டில் 17 வயதுக்கு முன் ஊசி பெற்ற பெண்களிடையே இப்புற்று நூற்றுக்கு 88 பங்கு குறைந்திருந்ததாக 2020-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

இடையில் நின்ற ஓர் ஆராய்ச்சி

நம் நாட்டில் இவ்வூசியின் வரலாறு நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2009-இல் இரு முயற்சிகள் தனித்தனியே தொடங்கின. ஒன்று, ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் பள்ளிச் சிறுமியருக்கு ஊசியிட்ட செயல்முறைத் திட்டம். மற்றொன்று, இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பதை அறியப் பல மையங்களில் நடத்தப்பட்ட ஆராய்ச்சி. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின்னர் பிரான்சிலுள்ள லியோன் நகரின் பன்னாட்டு நிறுவனத்திற்குச் சென்ற டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் இதில் முதன்மைப் பங்கு கொண்டார். இரத்த மாதிரிகளில் எதிர்ப்பொருளின் அளவைக் கணிக்கும் பணி, கழக்கூட்டத்தை உள்ளடக்கிய இதே திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் நடைபெற்றது.

அச்செயல்முறைத் திட்டத்தில் ஊசி பெற்ற சிறுமியர் சிலர் இறந்த செய்தி நாடெங்கும் பரவவே, 2010 ஏப்ரலில் அரசாங்கம் ஊசியிடுதலை நிறுத்தியது. விசாரித்த குழு, அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று கண்டது. ஒருத்தி பாம்பு தீண்டியும், ஒருத்தி நீரில் மூழ்கியும் இறந்திருந்தனர். ஆயினும் வேறொரு பெருங்குறை வெளிப்பட்டது. பெற்றோர் அளிக்க வேண்டிய சம்மதப் பத்திரங்களில் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 2013-இல் பாராளுமன்ற நிலைக்குழுவும் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி குற்றமற்றது, ஊசியிட்ட முறை குற்றமுடையது. இவ்விரண்டையும் பிரித்தறியாத மக்கள் பல ஆண்டுகள் ஊசியையே அஞ்சினர் என்றால், பிழை மக்களுடையது அன்று.

தடையினால் தவணை ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. இரண்டோ மூன்றோ பெறவேண்டிய சிறுமியருள் 4,949 பேர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். ஆராய்ச்சியாளர் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. பிறரோடு சேர்த்து ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஒரே ஊசி பெற்றோரிடம் எதிர்ப்பொருள் குறைவாகவே இருந்தது. ஆனால் அக்குறைந்த அளவு ஆண்டுகள் கடந்தும் நிலைபெற்றிருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2021-இல் வெளியான முடிவின்படி, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றினின்றும் ஓர் ஊசி அளித்த காப்பு நூற்றுக்கு 95. இரண்டும் மூன்றும் அளித்தது நூற்றுக்கு 93. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. இங்கு அளக்கப்பட்டது நீடித்த தொற்றேயன்றிப் புற்று அன்று என்பதையும் மறைக்காது கூற வேண்டும். ஆயினும் நீடித்த தொற்று இன்றி இப்புற்று அநேகமாக இல்லை. கென்யாவில் நடந்த ஆராய்ச்சியும் இதற்கு ஒத்த முடிவையே 2022-இல் தந்தது. அவ்வாண்டின் இறுதியில் உலகச் சுகாதார ஸ்தாபனம், 9 முதல் 20 வயதுவரை உள்ளோர்க்கு ஒரே தவணையையும் ஏற்கலாம் என அறிவித்தது. திட்டமிட்டு நடத்தியிருந்தால் பெரும்பொருள் விழுங்கியிருக்கக்கூடிய ஆராய்ச்சி, தடையின் விளைவாக அமைந்தது விந்தையே.

இதற்கிடையே 2018-இல் சிக்கிம் மாநிலம் 9 முதல் 13 வயதுச் சிறுமியருக்குப் பள்ளிகளின் வாயிலாக ஊசியிட்டு, நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோரை அடைந்தது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் முன்னரே விளக்கியதே இவ்வெற்றிக்குக் காரணம் எனலாம்.

ஊழியர் கவனத்திற்கு

திருவிதாங்கூரில் 1879-இல் மாணவர்க்கும் அரசாங்க ஊழியர்க்கும் சிறைக்கைதிகளுக்கும் அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. அம்முறை அக்காலத்திற்கு ஏற்றதாயிருந்திருக்கலாம். கட்டளையால் காரியம் முடிக்கும் பழக்கம் கம்மத்தில் எங்ஙனம் முடிந்தது என்பதை மேலே கண்டோம். ஆகவே சம்மதப் பத்திரத்தைத் தாய்மொழியில் படித்துக் காட்டிப் பெற்றோரின் கையொப்பத்தையே பெறுதல் வேண்டும். வேலை தேடிக் கேரளத்திற்கு வந்த தமிழ்க் குடும்பங்களிடம் மலையாளப் பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் வாங்குவது சம்மதம் ஆகாது. ஆசிரியர் எக்காரணத்தாலும் தாமே கையொப்பமிடலாகாது. மறுப்போரை வற்புறுத்தாமல், மீண்டும் ஒருமுறை பேச வாய்ப்பளித்தலே நன்று.

ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தலாகாது. மேற்கையின் தசையில் அரை மில்லிலிட்டர் செலுத்தப்படும். அவ்விடத்தில் வலியும் வீக்கமும், சிலருக்குச் சிறு காய்ச்சலும் தோன்றி ஓரிரு நாளில் மறையும். சிறுமியர் அச்சத்தால் மயங்கி விழுதல் உண்டு. ஆகையால் உணவு உண்டபின் ஊசியிட்டுப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துக் கவனித்தல் வேண்டும். ஒருத்தி மயங்கியதைக் கண்டு வரிசையில் நிற்பவர்களும் மயங்குவதுண்டாதலால், ஊசியிடும் இடத்தை வரிசையின் பார்வையிலிருந்து மறைத்து அமைப்பது நலம். முன் தவணையில் கடும் ஒவ்வாமை கண்டவர்க்கு இதனை இடலாகாது. கருவுற்றிருப்போர்க்கு ஒத்திவைக்க வேண்டும். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு ஒரு தவணை போதாது. இரண்டு, இயன்றால் மூன்று தவணை தேவை. பிள்ளைப்பேற்றை இவ்வூசி கெடுக்கும் என்னும் வதந்திக்கு ஆதாரமில்லை.

வயது கடந்துவிட்ட தாய்மாருக்குப் பரிசோதனையே வழி. கருப்பைக் கழுத்தில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், திரிபடைந்த இடம் ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தெரியும். அதனை வெறுங்கண்ணால் காணலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களை இம்முறையில் சோதித்தனர். வெண்மை கண்டவர்க்கு வேண்டிய சிகிச்சையும் அளிக்கப்பட்டது. இப்புற்றினால் நேரும் மரணம் அங்கு நூற்றுக்கு 35 குறைந்தது என 2007-இல் வெளியிடப்பட்டது. கேரள அரசாங்கம் 2025 பிப்ரவரி 4-ஆம் நாள் மாநிலமெங்கும் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கத்திலும் இந்நோய்க்கு இடமளிக்கப்பட்டது. ஊசி பெற்ற சிறுமியும் முப்பது வயதுக்குப்பின் பரிசோதனைக்கு வருதல் வேண்டும். ஊசியில் அடங்காத வகைகளும் உளவன்றோ? எனவே மகளின் ஊசியைப் பற்றி வினவ வரும் தாய் எவரையும், அவர்தம் வயதைக் கேட்டறிந்து, பரிசோதனைக்குரிய நாளையும் இடத்தையும் ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்தனுப்புக.