அனுப்ரேக்ஷை: சொல்லும் பொருளும்

பன்னிரண்டு அனுப்ரேக்ஷைகளை ஓதிவரும் நம் இல்லங்களில் அச்சொல்லின் பொருளை வினவினால், "சிந்தனை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இளைஞர் சிலரோ அதனைப் "பிரேரணை"யோடு இணைத்து, மனத்திற்கு ஊக்கமூட்டும் வாசகம் எனக் கொள்கின்றனர். ஒலியொற்றுமை விளைத்த மயக்கம் இது.

பிரேரணை, "ஈர்" என்னும் வடமொழி வேரிலிருந்து தோன்றியது; செலுத்துதல், தூண்டுதல் என்பன அதன் பொருள்கள். இலங்கை நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்படும் முன்மொழிவிற்கும் பிரேரணை என்றே பெயர். ப்ரேக்ஷையின் வேர் "ஈக்ஷ்". காணுதல் என்பது பொருள். நாடகம் காண்போனைப் ப்ரேக்ஷகன் என்பதும் இவ்வேர் பற்றியே. "அனு" என்னும் முன்னொட்டுத் தொடர்ச்சியைக் குறிக்கும். எனவே அனுப்ரேக்ஷையாவது, ஒரு பொருளை விடாது, மீண்டும் மீண்டும் உற்று நோக்குதல். பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியரின் நூலுக்கு "பாரஸ அணுவேக்கா" என்று பெயர். இங்குள்ள "அணு" நுண்துகளன்று. பிராகிருதத்தில் னகரம் ணகரமாயிற்று, அவ்வளவே.

தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் அத்தியாயத்தில் இச்சொல் வினைகளைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாக வருகிறது. 7ஆம் சூத்திரம் பன்னிரண்டையும் எண்ணித் தருகிறது. 25ஆம் சூத்திரத்தில் சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளுள் மூன்றாவதாக மீண்டும் வருகிறது: படித்தல், வினவுதல், அனுப்ரேக்ஷை, பிழையற ஓதுதல், அறமுரைத்தல். சுவேதாம்பரரின் உத்தராத்யயனம் ஓதுதலை முன்னும் அனுப்ரேக்ஷையைப் பின்னும் வைக்கும். எவ்வரிசையைக் கொள்ளினும் இரண்டும் வெவ்வேறு செயல்கள். நாமோ ஓதி முடித்ததும் அனுப்ரேக்ஷையும் முடிந்ததென எழுந்துவிடுகிறோம்.

தூண்டுதலும் நோக்குதலும் சந்திக்கும் இடம் ஆதிபகவன் சரிதத்தில் உண்டு. அவையில் ஆடிக்கொண்டிருந்த நீலாஞ்சனை ஆயுள் முடிந்து மறைந்தாள். இந்திரன் அக்கணமே அவளையொத்த மற்றொருத்தியை நிறுத்தினான். ஆட்டம் தடையின்றித் தொடர்ந்தது, அவையோர் அறியவில்லை. பகவன் ஒருவரே அறிந்தார், நிலையாமையைச் சிந்தித்தார், துறந்தார். காட்சி எல்லார்க்கும் ஒன்றே. அவையோர் அனைவரும் ப்ரேக்ஷகர்களே. அவர்களுக்கு வாய்க்காதது "அனு" மட்டுமே.

பன்னிரண்டில் ஆஸ்ரவம், சம்வரம், நிர்ஜரை என்னும் மூன்றையும் நம் முன்னோர் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு எனத் தமிழாக்கினர். இம்மூன்றையும் கண்ணால் காண விழைவோர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்று உப்பளங்களைப் பார்க்கலாம். உவர்நீர் பாத்தியுள் வருவது ஊற்று. வரப்பின் வாயை அடைப்பது செறிப்பு. வெயிலில் நீர் வற்ற, அதுகாறும் கண்ணுக்குத் தோன்றாது கலந்திருந்த உப்புப் பிரிந்து அடியில் படிவது உதிர்ப்பு. வாயை அடைக்காமல் வெயிலை மட்டும் நம்பினால் புதுநீர் வந்துகொண்டேயிருக்கும், உப்பு விளையாது. நோன்பு பல நோற்றும் சினத்தை விடாத நமக்கு இது பொருந்தாதா?

உப்பளத் தொழிலாளி தம் பாத்தியை நாள்தோறும் பார்க்கிறார். நீரின் செறிவு போமே மானியில் ஏறக்குறைய 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். மிக வற்றவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். எஞ்சிய கசப்புநீரை உரிய காலத்தில் வடித்துவிட வேண்டும். நேற்றுப் பார்த்த பாத்திதானே என்று அவர் இன்று வாளாவிருப்பதில்லை. ஐப்பசி மழை வந்துவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் நின்றுவிடும்.

பன்னிரண்டனுள் முதலாவதான அநித்தியத்தை அடுத்த இதழில் காண்போம். அதுவரை, ஓதி முடித்தபின் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்து பார்ப்போமாக.