இலவசப் பாடத் தளங்கள்: எதை நம்பலாம்?



எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான் முதல் ஆள். ஒரு கணக்கு சரியா தப்பான்னு வீட்டில் கேட்க முடியாது. "நல்லா படிக்கிறியாப்பா?" என்று மட்டும் கேட்பார்கள். நம்மில் பலருக்கும் இதே நிலைதான். டியூஷனுக்குப் பணம் இல்லை, கையில் செல்போன் இருக்கு. அதனால் இணையத்தில் வரும் இலவசப் பாடங்களே நமக்குத் துணை. அந்தத் துணை தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் கிடையாது, பரீட்சையில்தான் தெரியும். ஆகவே ஒரு தளத்தைத் திறந்ததும் கவனிக்க வேண்டிய ஐந்து கேள்விகளை இங்கே தருகிறேன்.

1. பாடம் சொல்பவர் யார்?

பெயரும் ஊரும் இல்லாத பாடத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கணும். 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு பாடத்திலும் பேராசிரியர் பெயர், துறை, நிறுவனம் மூன்றும் இருக்கும். தவறு இருந்தால் பொறுப்பேற்க ஆள் உண்டு என்று அர்த்தம்.

2. செலவு யாருடையது?

எதுவும் சும்மா வராது; யாரோ ஒருவர் செலவு செய்கிறார். அதை வெளிப்படையாகச் சொல்லும் தளமே நல்ல தளம். என்.பி.டி.இ.எல். பாடம் பார்க்க, சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வு எழுதத்தான் கட்டணம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகத் தருவதாக 2001-ல் அறிவித்தது. அதைப் படிக்கப் பெயர்கூடப் பதிய வேண்டாம். முதல் பக்கத்திலேயே போன் நம்பர் கேட்டுவிட்டு, மறுநாள் "கோர்ஸ் சேருங்க" என்று கூப்பிட்டால், அங்கே சரக்கே நாம்தான்!

3. நமக்குப் புரியும்படி இருக்கிறதா?

வண்ணமும் பாட்டும் கவர்ச்சி ஆகாது. புரிவதுதான் கவர்ச்சி. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் சுமார் பத்து நிமிடம்தான் ஓடும். லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சி மொழி எல்லாம் தமிழிலேயே கேட்கலாம். திரையில் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள். பார்த்துப் பார்த்து நாமே செய்யலாம். பதிவு செய்யும் முன்பே பாடத்தைப் புதிதாகப் படிப்பவரிடம் கொடுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். தெரியாதவனுக்குப் புரிகிறதா என்று சோதித்த பாடம் நமக்கும் புரியும்.

4. நாமே சோதிக்க முடியுமா?

இதுதான் மிக முக்கியம். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் 12 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு? 2 ஆம்பியர், 4 ஆம்பியர், மொத்தம் 6. ஆகவே தொகுபயன் தடை 2 ஓம். இதை நோட்டில் போட்ட பிறகு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் தளத்துக்குப் போங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. அங்கே பேட்டரி, ஒயர், அம்மீட்டர் எல்லாம் எடுத்து நாமே சர்க்யூட் போடலாம். நம் விடையும் மீட்டரும் ஒத்துவந்தால் நம்பிக்கை தானாக வரும். விடை மட்டும் கொடுத்து வழி காட்டாத தளத்தில் இந்த வாய்ப்பு இல்லை.

5. எப்போது எழுதியது?

ஓம் விதிக்கு வயதாகாது. ஆனால் சில விஷயங்கள் மாறும். பாரிஸ் அருகே வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராமுக்கு அளவாக இருந்தது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். பழைய பக்கம் இன்னும் உருளையைத்தான் சொல்லும். எனவே தேதி இல்லாத பாடத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவுரை

நண்பர்களே, எந்தத் தளமும் நம்ம ஆசிரியருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் மாற்று ஆகாது. முதலில் சிலபஸ், பிறகு புத்தகம், அப்புறம்தான் செல்போன். இரண்டு தளம் வேறு வேறு விடை சொன்னால் வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நல்ல தளம் ஒன்று கிடைத்தால் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு நாம்தான் ஒருவருக்கொருவர் ஆள்!