நான்கு ரேம் ஸ்டிக், நாளுக்கொரு நீலத்திரை

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு. 8 ஜிபி ரேம் இரண்டு போட்டிருந்தேன். டிடிஆர்4, 3600 வேகம், சிஎல்18. எக்ஸ்எம்பி ஆன் செய்து ஒரு வருஷம் பிரச்சினையே இல்லாமல் ஓடியது. போன மாதம் அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து ரெண்டர் போட்டால் நீலத்திரை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எர்ரர் காட்டுகிறது, மத்தியானத்தில்தான் அதிகம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் வரவில்லை. ரேம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வோல்டேஜை ஏற்றினால் சரியாகுமா?

– வாசகர், ஈரோடு

பதில்: கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வோல்டேஜை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

எக்ஸ்எம்பியை ஆன் செய்வதே ஓவர்க்ளாக்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3600 என்பது ரேம் கம்பெனி தன் ஸ்டிக்குக்குக் கொடுக்கும் உத்தரவாதம். உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு அதில் பங்கில்லை. இந்த பிராசஸருக்கு ஏ.எம்.டி. சொல்லும் கணக்கு வேறு: இரண்டு ஸ்டிக் என்றால் 3200, நான்கு ஸ்டிக், அதுவும் சிங்கிள் ரேங்க் வகை என்றால் 2933, நான்கும் டூயல் ரேங்க் என்றால் 2667. இரண்டு ஸ்டிக்கில் 3600 ஓடியது உங்கள் அதிர்ஷ்டம். நான்கானதும் கன்ட்ரோலரின் சுமை ஏறி, அந்த அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், ஒரே மாடல் நம்பரில் வந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று கிடைத்த சிப்பைப் போட்டு, ஒரே பெயரில் விற்பது இந்தத் தொழிலில் சகஜம். நான்கு ஸ்டிக் கொண்ட செட்டை ஒன்றாகச் சோதித்துத்தான் பேக் செய்கிறார்கள். இரண்டிரண்டாக வாங்கிச் சேர்த்தால் அந்தச் சோதனை நடந்திருக்காது.

மெம்டெஸ்ட் பாஸான பிறகும் ரெண்டரில் விழுவது ஏன்? மெம்டெஸ்ட்86 பென்டிரைவிலிருந்து தனியாக ஓடுகிறது. அப்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட்டும் சூடாகாது. ரெண்டரின்போது கார்டு கக்கும் சூடு ரேமைச் சுற்றித் தேங்குகிறது. டிரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் இருமடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்பது டிடிஆர்4 விதி. ஓவர்க்ளாக் செய்த ரேமுக்கு அந்த அளவு சூடுகூடத் தேவையில்லை, அதற்கு வெகு முன்பே தடுமாறலாம். மத்தியான வெயிலில் உங்கள் பிரச்சினை கூடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வோல்டேஜை ஏற்றினால் சூடும் சேர்ந்து ஏறும் என்பதால்தான் அதைத் தொட வேண்டாம் என்றேன்.

இனி செய்ய வேண்டியது. முதலில் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு, நான்கு ஸ்டிக்கோடு வழக்கமான வேலையைப் பாருங்கள். அப்போதும் நீலத்திரை வந்தால் வேகத்தின் மேல் பழி போட முடியாது. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, பிராசஸரிலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். எல்லாம் தேறினால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

எக்ஸ்எம்பி இல்லாமல் நிலையாக ஓடினால், பயாஸைப் புதுப்பித்துவிட்டு எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்து, வேகத்தை மட்டும் கையால் 3200 என்று மாற்றுங்கள். எஃப்கிளாக் 1600, ரேம் வோல்டேஜ் 1.35, கியர் டவுன் மோடு ஆன். எஸ்ஓசி வோல்டேஜ் 1.1க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் சில போர்டுகள் தாமாகவே ஏற்றிவிடும். பிறகு விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியை, கேபினெட் மூடியிருக்க, மத்தியான நேரத்தில் சில மணி நேரம் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. 3200 தேறாவிட்டால் 2933க்கு இறங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். மாற்றிய பின் திரையே வராவிட்டால் பயப்படாதீர்கள்: மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள சிமாஸ் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

3200க்கு இறங்கினால் வேகம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். சிஎல்18இல் 3600 ஓடினால் முதல் தகவலுக்குக் காத்திருக்கும் நேரம் 10 நானோ விநாடி. சிஎல்16இல் 3200 ஓடினாலும் அதே 10 நானோ விநாடிதான். 3200 நிலைத்த பிறகு சிஎல்லை 16க்கு இறக்கிச் சோதித்துப் பாருங்கள். குறைவது ரேமின் உச்சப் போக்குவரத்து மட்டும்: விநாடிக்கு 57.6 ஜிபி, 51.2 ஆகும். ரெண்டரில் இதனால் வரும் வித்தியாசத்தை நீங்கள் உணர்வதே கடினம்.

நீலத்திரையைவிட மோசமான ஆபத்து ஒன்று இருக்கிறது. நிலையற்ற ரேம் எப்போதும் சத்தம் போட்டு விழுவதில்லை. தப்பான பிட்டைச் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு மாதத்தில் காப்பி செய்த கிளிப்புகளையும் முடித்த வீடியோக்களையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ரேம் நிலைத்த பிறகு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினால் விண்டோஸின் கெட்டுப்போன ஃபைல்கள் சரியாகும். கேமரா கார்டுகளை அதுவரை அழிக்காதீர்கள்.

3600 வேண்டியே தீரும் என்றால், நான்கையும் விற்றுவிட்டு இரண்டு 16 ஜிபி கொண்ட ஒரே செட் வாங்குங்கள். இல்லையென்றால் 3200இல் நிறுத்துங்கள். பிறத்தியார் வீட்டுக் கல்யாணம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அங்கே நிலைப்புதான் முதல் தகுதி.